எந்தக் கேள்விக்கு எந்த நூல்? பார்வை நூல்களை எதிரெதிரே வைத்து ஓர் அலசல்

ஒரு பார்வை நூல் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் நம்புவது ஒரே சோதனையைத்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அதில் தேடுவேன். எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது, கிடைத்தது எவ்வளவு சரியாக இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், மீதிப் பக்கங்களைப் பற்றி ஓரளவு ஊகித்துவிடலாம். தெரியாத விஷயத்தைத் தேடிப் பார்த்தால் எல்லா நூலும் நல்ல நூலாகத்தான் தெரியும். தப்பு இருந்தாலும் பிடிபடாது.

நாவலை ஆசிரியருக்காக வாங்கலாம், நடைக்காக வாங்கலாம். அகராதி, கலைக்களஞ்சியம், முதலுதவிக் கையேடு, பறவை வழிகாட்டி ஆகியவற்றை அப்படி வாங்கினால் அலமாரிக்குத்தான் அழகு. இவற்றை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஒரு கேள்வியோடு போய்ப் பதிலோடு திரும்புகிறோம். ஆகவே கேள்வி எந்த வகை என்பதை வைத்துத்தான் நூல்களை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பேரகராதியா, தற்கால அகராதியா

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பிறகு ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், எந்த இலக்கியத்தில் அந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதற்கு மேற்கோள். அதற்கு எதிரே க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு, 2008-லும் 2020-லும் திருத்தி விரிவாக்கிய பதிப்புகள். இன்று எழுத்தில் புழங்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்கிறது. இலங்கை வழக்கையும் தனியாகக் குறித்துக் காட்டுகிறது.

கம்பனையோ சங்கப் பாடலையோ மடியில் வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு முதலாவதை விட்டால் வேறு கதியில்லை. தினமும் எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் என்றால் இரண்டாவதுதான். காரணம், அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்கள். ஒரு வினைச்சொல்லின் பொருள் நமக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு முன்னால் 'ஐ' வருமா 'கு' வருமா, மனிதருக்குச் சொல்லலாமா பொருளுக்கு மட்டுமா என்பதில்தான் பேனா நிற்கும். பொருளை மட்டும் அடுக்கும் அகராதி அந்த இடத்தில் கைகொடுக்காது, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கைகொடுத்துவிடும்.

இரண்டையும் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் முழுமையாகத் தேடக் கிடைக்கிறது. ஆறு தொகுதிகளைப் புரட்டுவதைவிட அது வேகம். தற்கால அகராதியை அச்சில் வைத்துக்கொள்ளுங்கள். தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் இருக்கும் சொற்கள் கண்ணில் படுவது எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இலவச இணைப்பு.

அடுக்குமுறையிலும் ஒரு பழைய போட்டி உண்டு. திவாகரம் முதலான நிகண்டுகள், அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொல் தொகுப்புகள், சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கின: தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பன்னிரண்டு தொகுதி. மனப்பாடம் செய்தவருக்கு அது போதும், செய்யாதவர் நுழைய முடியாது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அகரவரிசையைக் கொண்டுவந்த பிறகுதான் மனப்பாடம் இல்லாதவருக்கும் கதவு திறந்தது. அதற்காகப் பொருள்வாரி அடுக்கு செத்துவிடவில்லை. 1852-இல் ரோஜே வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியம் அதே முறையில்தான் அமைந்தது. சொல் நாக்கு நுனியில் நின்று வெளியே வராதபோது உதவுவது அந்த முறைதான். சொல் தெரியும், பொருள் வேண்டும் என்றால் அகரவரிசை. பொருள் தெரியும், சொல் வேண்டும் என்றால் பொருள்வாரி.

கலைக்களஞ்சியமா, விக்கிப்பீடியாவா

இந்தப் போட்டி முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு விதத்தில் உண்மை. 1768-இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிக்கா, 32 தொகுதிகள் கொண்ட 2010-ஆம் ஆண்டு அச்சோடு காகிதத்தை நிறுத்திக்கொள்வதாக 2012-இல் அறிவித்தது. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா அதற்குள் எங்கேயோ போயிருந்தது. 2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் இரண்டிலிருந்தும் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. விக்கிப்பீடியாவில் 162 குறைகள், பிரிட்டானிக்காவில் 123. பெரும் பிழை என்று சொல்லத்தக்கவை இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா இந்த ஆய்வையே ஏற்க மறுத்தது. நேச்சர் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

இந்தக் கணக்கைச் சொல்லி விக்கிப்பீடியா 'கிட்டத்தட்ட சமம்' என்று தீர்ப்பு எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பார்த்தது ஆங்கில அறிவியல் கட்டுரைகளை மட்டும். பலர் கூடித் திருத்தும் இடத்தில், நிறையப் பேர் கண் வைக்கும் தலைப்பு செம்மையாகும். யாரும் எட்டிப் பார்க்காத தலைப்பு போட்ட இடத்திலேயே கிடக்கும். ஒரே தளத்தில் இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே தோரணையில் நிற்பதுதான் சிக்கல். அச்சுக் கலைக்களஞ்சியத்தில் தரம் ஓரளவு சீராக இருக்கும், ஆனால் காலம் உறைந்துபோயிருக்கும். பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதி வெளியானபோது மனிதன் நிலவில் கால் வைத்திருக்கவில்லை. அதில் விண்வெளியைத் தேடுவது வீண். தமிழில் ஒரு துறையை முதன்முதலாக எப்படி விளக்கினார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடமில்லை.

நான் விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிட அடிக்குறிப்புகளைத்தான் முதலில் பார்ப்பேன். தலைப்பு பெரிதாக இருந்து, அடிக்குறிப்புகள் எல்லாம் செய்தித் துணுக்குகளாக இருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடலாம்.

இன்னொன்று, பிரிட்டானிக்காவே பட்டுத் தெரிந்துகொண்டது. 1974-இல் வந்த பதினைந்தாம் பதிப்பில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் தனிச் சொல்லடைவு கிடையாது. குறுங்கட்டுரைகள் கொண்ட தொகுதிகளே வழிகாட்டும், நெடுங்கட்டுரைகளுக்கு அவற்றின் வழியாகப் போய்க்கொள்ளலாம் என்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம்தான். வாசகர்கள் தட்டுத்தடுமாறினார்கள், குறை சொன்னார்கள். 1985-இல் இரண்டு தொகுதி அளவுக்குச் சொல்லடைவு திரும்ப வந்தது. உலகின் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்துக்கே சொல்லடைவு இல்லாமல் தள்ள முடியவில்லை. முந்நூறு பக்க வழிகாட்டி நூல் ஒன்று அது இல்லாமல் வந்தால் என்ன செய்வது? பொருளடக்கம் எல்லா நூலிலும் இருக்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம். கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள்.

ஓவியமா, ஒளிப்படமா

பறவை, செடி, பூச்சி அடையாளம் காட்டும் நூல்களில் புதியவர்கள் ஒளிப்படம் உள்ளதையே எடுப்பார்கள். உண்மையான பறவை, உண்மையான நிறம் என்ற எண்ணம். களத்தில் பெரும்பாலும் ஓவியமே வெல்கிறது.

வெள்ளைக் கொக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொக்குக்கு அலகும் கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். இரண்டையும் பிரிக்க அலகையும் பாதத்தையும் பார்த்தால் போதும். ஆனால் சின்னக் கொக்கை ஒளிப்படம் எடுப்பவர் அது தண்ணீரில் நிற்கும்போதுதான் எடுப்பார். பாதம் நீருக்குள் இருக்கும். மாலை வெயிலில் எடுத்திருந்தால் வெள்ளை இறகே பொன்னிறமாகிவிடும். ஓவியர் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்க்க நிறுத்தி, பாதத்தையும் காட்டிவிடுவார். 1934-இல் ரோஜர் டோரி பீட்டர்சன் தன் பறவை வழிகாட்டியில், கவனிக்க வேண்டிய இடத்தைச் சிறு கோடு போட்டுச் சுட்டிக்காட்டினார். அந்தக் கோட்டை இன்னும் யாரும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம்.

செயலிகள்? கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின், கூவலைக் கேட்டே பெயர் சொல்லிவிடுகிறது. இலைமறைவில் இருக்கும் பறவைக்கு எந்த நூலும் அதனோடு போட்டியிட முடியாது. ஆனால் பெயரை மட்டும் சொல்லும்போது, ஏன் அந்தப் பெயர் என்பது நம் கண்ணுக்குப் பழகாமலே போகிறது. செயலியை நம்பி ஒரு பெயர் கிடைத்ததும் நூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒளிப்பட நூலை வீட்டில் மேசைமேல் வைத்து ரசிக்கலாம்.

புகழ்பெற்ற பழையதா, பெயர் தெரியாத புதியதா

வரலாறு, இலக்கணம், தத்துவம் என்றால் பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். உடல்நலம் என்றால் தயங்கத்தான் வேண்டும்.

முதலுதவிக் கையேட்டைக் கையில் எடுத்தால், மூச்சுப் பேச்சின்றிக் கிடப்பவருக்கு இதய இயக்கத்தை மீட்கும் முறை உள்ள பக்கத்துக்குப் போங்கள். அந்த ஒரு பக்கமே நூலின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர்களுக்கு மார்பை 15 முறை அழுத்தி 2 முறை மூச்சுக் கொடுக்கச் சொன்னால், 2005-க்கு முந்தைய சரக்கு. அந்த ஆண்டில்தான் அது 30-க்கு 2 என்று மாறியது. முதலில் மூச்சுக் கொடு, பிறகு மார்பை அழுத்து என்று பொதுவாகச் சொன்னால், அமெரிக்க இதயச் சங்கம் வரிசையை மாற்றிய 2010-க்கு முந்தையது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல் என்று இருந்தால் 2015-க்குப் பிந்தைய வழிகாட்டலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பாம்புக்கடிப் பக்கத்தில் கடிவாயைக் கீறு, உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்றெல்லாம் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

குழந்தை வளர்ப்பு நூல்களின் கதை இதைவிடக் கடுமையானது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கலாம் என்று நல்ல பெயர் பெற்ற மருத்துவர்களின் நூல்களே பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென்று இறப்பதற்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு இருப்பது தெளிந்த பிறகு, 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதற்கு எதிராக அறிவுரை கூறியது. மல்லாக்கப் படுக்கவைப்பதே இன்றைய வழி. பழைய நூல்கள் மட்டும் பாட்டி வீட்டுப் பரணில் அப்படியே இருக்கின்றன, அதே அன்பான நடையில்.

எனவே இந்தப் பிரிவில் நான் தடிமனான, புகழ்பெற்ற, பழைய நூலைவிட ஒரு மருத்துவ அமைப்பு சமீபத்தில் வெளியிட்ட மெலிந்த கையேட்டையே எடுப்பேன். அதையும் அச்சில். மயங்கிக் கிடப்பவர் பக்கத்தில் நின்று விளம்பரங்களை விலக்கித் தேட முடியாது.

ஆண்டைப் பார்க்கும்போது ஒரு கண்கட்டு வித்தை உண்டு. 'பன்னிரண்டாம் பதிப்பு' என்று அட்டையில் இருக்கும். உள்ளே பன்னிரண்டு முறை அப்படியே மறுஅச்சு போட்டிருப்பார்கள். 'திருத்திய பதிப்பு' என்ற சொல்லும், என்ன திருத்தினார்கள் என்று சொல்லும் முன்னுரையும் இருந்தால்தான் நம்பலாம்.

குழுவா, தனி ஆளா, எந்திரமா

தனி ஆள் எழுதிய நூலில் ஒரு குரல் இருக்கும், குழு எழுதியதில் சரிபார்ப்பு இருக்கும். ஒரு துறைக்குள் முதன்முதலாக நுழைபவருக்குக் குரல் தேவை. தேடிப் பார்ப்பவருக்குச் சரிபார்ப்பு தேவை. இதில் பெரிய தகராறு இல்லை.

மூன்றாவது ஆள்தான் புதியவர். 2023-இல் காட்டுக் காளான் வழிகாட்டிகள் என்ற பெயரில் எந்திரம் எழுதியதாகத் தோன்றும் நூல்கள் இணைய விற்பனைக்கு வந்தபோது, நியூயார்க் காளானியல் சங்கம் வெளிப்படையாக எச்சரித்தது. நச்சுக் காளானையும் உண்ணும் காளானையும் பிரிப்பது சில நுண்ணிய அடையாளங்கள். அதில் ஒன்று பிசகினால் உயிர் போகும். அட்டையில் ஆசிரியர் பெயர் இருப்பது போதாது. அந்தத் துறையில் அவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதிலும் இதே சிக்கல்தான்: சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே சரளத்தில் சொல்லும், சில சமயம் இல்லாத நூலையே ஆதாரமாகக் காட்டும். தேட வேண்டிய சொல் என்ன என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துகிறேன். தேடலை வேறு இடத்தில் செய்கிறேன்.

மென்பொருள் கற்றுத்தரும் தடித்த நூல்களை வாங்காதீர்கள். அடுத்த பதிப்பு வந்ததும் பொத்தான்கள் இடம் மாறிவிடும். சட்டம், வரி வழிகாட்டிகளில் நடப்பு ஆண்டுடையது தவிர வேறு எதையும் தொட வேண்டாம்.

மூலமா, மொழிபெயர்ப்பா

படித்துப் போகும் நூல் என்றால் மொழிபெயர்ப்பு தாராளமாகப் போதும். தேடிப் பார்க்கும் நூலுக்கு இரண்டு இழப்புகள் வரும். பக்க எண்கள் மாறுவதால் சொல்லடைவைப் புதிதாகச் செய்ய வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, அதையே வெட்டிவிடுகிறார்கள். இரண்டாவது, மொழிபெயர்ப்பு வெளிவரும் நேரத்தில் மூலம் இன்னொரு பதிப்பு தாண்டியிருக்கலாம். பதிப்பு விவரப் பக்கத்தில் மூலநூலின் எந்தப் பதிப்பிலிருந்து, எந்த ஆண்டு என்று இருக்கிறதா பாருங்கள். மொழிபெயர்ப்பு வந்த ஆண்டை மட்டும் போட்டுவிட்டு மூலத்தின் ஆண்டை மறைத்திருந்தால், அது சமையல் குறிப்பாக இருந்தால் வாங்குங்கள், மருந்துக் குறிப்பாக இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.