ரேடியேட்டரில் மஞ்சள் தூள்: என் 540-க்கு நடந்தது

ஜீப்பை மாடிஃபை பண்ணக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் கோவை, பொள்ளாச்சி பக்கம் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றிருக்கிறார். இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி அப்பாவுடையது. 1999 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி. தோப்புக்கும் வீட்டுக்கும் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. சத்தம் போடும், காலையில் புகை கக்கும், அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடும், ஆனால் சூடாகி ரோட்டில் நின்றது என்று ஒரு நாள்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு நான் சண்டைக்குப் போனபோது பட்டறைக்காரர் சொன்ன முதல் வார்த்தையே "பெஜோ எஞ்சின்னாலே சூடாகும் சார்" என்பதுதான்.

அவர்கள் போட்டிருந்த ரீல்ஸைப் பார்த்துத்தான் மயங்கினேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. 31 இன்ச் டயர், முன்னாடி இரும்பு பம்பர், அதில் வின்ச் (சேற்றில் மாட்டினால் கம்பி போட்டு இழுக்கும் கருவி), எல்.இ.டி. விளக்கு வரிசை, ஹார்ட் டாப், அம்மாவுக்காக ஏ.சி., அப்புறம் "ஏ.சி. போட்டா பழைய ரேடியேட்டர் தாங்காது சார், ஹெவி டியூட்டி போட்டுடலாம்" என்று அவராகவே சேர்த்த ஒரு ரேடியேட்டர், அதற்கு மட்டும் 14,000. எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய், நாற்பத்தைந்து நாளில் வண்டி கையில் என்றார். ஐந்து மாதம் ஆனது. பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிய எஸ்டிமேட்டைக் கொடுத்தார், ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது, பாதிப் பணம் ரொக்கமாகப் போயிருந்தது. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வண்டி பளபளவென்று நின்றதில் எதுவுமே தோன்றவில்லை.

முதல் ஒரு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஹீட் மீட்டரில் ஊசி எழும்பவே இல்லை, எப்போது பார்த்தாலும் அடியில் படுத்துக் கிடந்தது. "புது ரேடியேட்டர்னா சும்மாவா" என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். எஞ்சின் நெடுநேரம் ஓடியபிறகும் ஊசி அடியிலேயே கிடந்தால் அது நல்லதல்ல, கெட்ட அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. மைலேஜ் குறைந்தது, வெள்ளைப் புகை கூடியது. டயர் பெரிதாகிவிட்டது, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் சித்திரை வந்தது. டவுனுக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால், அதே ஊசி மளமளவென்று ஏற ஆரம்பித்தது. கொண்டு போய்க் காட்டினேன். கிரில்லுக்குப் பின்னால் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டி 9,000 வாங்கினார்கள். ஃபேன் போட்டும் குறையவில்லை, சொல்லப்போனால் மெதுவாகப் போகும்போது முன்பைவிட மோசமாக இருந்தது. "செட் ஆக டைம் எடுக்கும் சார்." ஃபேன் செட் ஆவதற்கு என்ன டைம் என்று நானும் கேட்கவில்லை.

மே மாதம் வால்பாறை கிளம்பினோம். நான், மச்சான், பின்னால் இரண்டு பையன்கள். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நாலாவது வளைவிலேயே ஊசி பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஏ.சி.யை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் ஏறினேன். ஏழாவது வளைவு தாண்டும்போது வண்டிக்குள் ஒரு வாசனை. டீசல் வாசனை இல்லை, ரப்பர் தீயும் வாசனையும் இல்லை. யாரோ ரசம் வைக்கிற மாதிரி. மச்சான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இங்க வீடே இல்லையே, யாருடா சமைக்கிறது?" என்றான். அந்த நேரத்தில் ஊசி சட்டென்று கீழே இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சூடு குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் இரண்டு வளைவு ஓட்டினேன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு அதுதான். ஹீட் மீட்டரின் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றி அது வெறும் ஆவியில் தொங்கும்போது ஊசி பொய் சொல்லும். கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென்று "குளிர்ந்தால்" அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, லோம்ஸ் வியூ. எல்லோரும் வரையாடு பார்க்க வண்டியை நிறுத்துகிற இடத்தில் எங்கள் ஜீப்பைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பானெட் முழுக்க ஆவி, ரோட்டில் மஞ்சளாகத் தண்ணீர். பச்சை கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஊற்றியதாக எழுதிக் காசு வாங்கியிருந்தார்கள். மச்சான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான், கையைப் பிடித்து இழுத்தேன். சூட்டில் அந்த மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். குளிர்ந்த தண்ணீரை உடனே ஊற்றவும் விடவில்லை, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் விரிசல் விடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் டோ செய்துதான் இறக்கினோம்.

பொள்ளாச்சியில் லாரி ரேடியேட்டர் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். அவர் மேல் டேங்கை டார்ச்சால் சுட்டு, ஈயத்தை உருக்கிப் பிரித்துத் தூக்கினார். நான் இதுவரை ரேடியேட்டரின் உள்ளே பார்த்ததில்லை. வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன பித்தளைக் குழாய் வாய்கள், அதில் பாதிக்கு மேல் மஞ்சள் களிம்பு அடைத்திருந்தது. அவர் ஒரு குச்சியால் நோண்டி எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "மஞ்சத்தூள் தம்பி. ரேடியேட்டர்ல ரசம் வெச்சு உட்டிருக்கானுங்க."

லாரிக்காரர்கள் நடுக்காட்டில் லீக் ஆனால் ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டு ஊர் வந்து சேருவார்கள், அது அவசரத்துக்கு. ஊர் வந்ததும் கழுவி எடுத்துவிடுவார்கள். கஸ்டமரிடம் 14,000 வாங்கிவிட்டு ஓட்டையை மஞ்சளால் அடைத்துக் கொடுக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். ஓட்டையை அடைக்கிற தூள் குழாயை மட்டும் விட்டுவைக்குமா என்ன.

இதற்கு மேலும் ஒன்று இருந்தது. அண்ணன் கீழ் டேங்கின் கறுப்பு பெயிண்டைச் சுரண்டினார். எட்டணா அகலத்துக்கு ஒரு ஈய ஒட்டு தெரிந்தது. அதை எனக்குத் தெரியும். நான் காலேஜ் படிக்கும்போது தோப்பில் ஒரு கல் அடித்து ஓட்டை விழுந்து, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய் வைத்த ஒட்டு அது. ஹெவி டியூட்டியும் இல்லை, புதுசும் இல்லை. எங்கள் வீட்டு ரேடியேட்டருக்கே கறுப்பு பெயிண்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த அண்ணன் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வாட்டர் பாடி, அதாவது வாட்டர் பம்ப், தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது, அது சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அங்கே வாசலில் காவலாளி மாதிரி தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும், பல டீசல் எஞ்சின்களில் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். நம் ஊரில் பாதி மெக்கானிக்குகள் "இது இருந்தாத்தான் சூடாகும்" என்று இதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். என் வண்டியிலும் வீசியிருந்தார்கள். அதனால்தான் சமதரையில் ஊசி எழும்பவே இல்லை, எஞ்சின் பாதிக் குளிரிலேயே ஓடி டீசல் குடித்தது, புகை விட்டது. வேடிக்கை என்னவென்றால், பல எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போதே பக்கத்தில் இருக்கும் பைபாஸ் வழியை அடைத்துவிடும். வால்வே இல்லை என்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். ஆகவே வால்வைக் கழற்றினால் சமதரையில் குளிரும், மலையில் வேகும். புது வால்வு வாங்கியதும் வீட்டில் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். மெதுவாக வாய் திறக்கிறது, வெளியே எடுத்தால் மூடிக்கொள்கிறது. பால் காய்ச்சுகிற பாத்திரம் என்பதால் கிடைத்த திட்டு தனி.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. அதில் 0.9 (பார், அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தால் அத்தனை அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கும், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதிக்கும். ஊட்டி உயரத்தில், அதாவது 2240 மீட்டரில், 93-லேயே. மலைக்குப் போகிறவர்கள் சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல மூடி மாற்றிக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

அடுத்து ஃபேன் கவர், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேர்த்து மூடும் கூடு. ஏ.சி. கண்டன்ஸருக்கு இடம் வேண்டும் என்று ரேடியேட்டரைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள், அப்போது கவர் ஃபேனில் உரசியதால் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கவர் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்தில் கிடக்கும் சூட்டுக் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்காற்று வந்து காப்பாற்றிவிடும். ஆஃப் ரோடில் லோ கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்காற்று ஏது? அதற்கும் மேல் பம்பர், வின்ச், எல்.இ.டி. வரிசை எல்லாம் கிரில்லுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறது. அந்த 9,000 ரூபாய் ஃபேன்களையும் பார்த்துவிடலாம் என்று அண்ணன் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து கிரில்லில் வைத்தார். சரியாகச் சுற்றினால் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் பறந்து வந்து என் நெஞ்சில் விழுந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே இருக்கும் பெல்ட் ஃபேன் ஒரு பக்கம் இழுக்க, இவை மறுபக்கம் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்டது என் எஞ்சின்.

பட்டறைக்குப் போனேன். சத்தம் போடக்கூடாது என்று மச்சான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான், கடைசியில் அவன்தான் சத்தம் போட்டான். அந்த ஆள் முதலில் பெஜோ எஞ்சினைக் குறை சொன்னார், அப்புறம் என் ஓட்டுதலை, அப்புறம் வேலை செய்த பையன் நின்றுவிட்டான் என்றார். தெர்மோஸ்டாட்டைக் கேட்டதற்கு "சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையே இல்ல" என்று சிரித்தார். ஈய ஒட்டு தெரிகிற போட்டோவைக் காட்டியதும் சிரிப்பு போய்விட்டது. "கேஸ் போட்டா உங்க வண்டிதான் சார் மாட்டும், இந்த மாடிஃபிகேஷன் எல்லாம் ஆர்.டி.ஓ. பார்த்தா என்ன ஆகும்?" மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைச் சொல்கிறார். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருப்பது உண்மைதான். மாற்றிக் கொடுத்துச் சம்பாதிப்பவரே அதைச் சொல்லி மிரட்டுகிறார் பாருங்கள், இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்கியது தனி விஷயம் என்கிறார் வக்கீல். ஐந்து லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கையில் இருப்பது துண்டுச் சீட்டு, ஜிபே ரசீதுகள், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள். பெயிண்ட் அடித்த கீழ் டேங்கைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹெட் வளைந்திருந்தது. லேத்தில் ஃபேஸிங் (வளைந்த முகத்தைச் சமமாக்குவது), கேஸ்கட் செட், ரேடியேட்டருக்குப் புது கோர் (உள்ளே இருக்கும் குழாய்த் தொகுதி), வால்வு, மூடி, கூலன்ட், ஃபேன் கவர் தேடிப் பிடித்தது, லேபர் எல்லாம் சேர்த்து 38,000. அண்ணன் கடைப் பில் மட்டும் அச்சடித்த பில். பம்பரையும் வின்ச்சையும் நானே கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டேன். போன வாரம் மறுபடி வால்பாறை ஏறினேன், ஏ.சி. போட்டுக்கொண்டே. ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது, நாற்பது வளைவு முடியும்வரை அங்கேயே நின்றது.

நேற்று ஒரு நண்பர் அந்தப் பட்டறையின் புது ரீல்ஸை அனுப்பினார். சிவப்பு 540, முன்னாடி எட்டு எல்.இ.டி., ஹார்ட் டாப், "ஹெவி டியூட்டி கூலிங்" என்று எழுத்து ஓடுகிறது. அந்த வண்டி உங்களுடையது என்றால், எஞ்சின் நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்கள்.