ஏர் பிடிக்கும் கிரீஸ் கன்

தேவகோட்டையில் இருக்கும் தம்பி ஒருவர் பழைய புல்லட் வாங்கியிருக்கிறார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மாதிரி கிரீஸ் கன் ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். போனில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது சாதாரண லீவர் கன்: லீவரை அழுத்தினால் குழலில் இருக்கும் கிரீஸை வண்டியின் மூட்டுகளுக்குள் தள்ளும் கருவி. கனம், நீளம் எல்லாம் கடையில் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். எனக்கு ஆத்திரம் வருவது ஒரே விஷயத்தில்தான்: ஏர் பிடித்துக்கொள்வது. குழல் நிறைய கிரீஸ் இருக்கும். லீவரை அழுத்தினால் கை லேசாகப் போய்வரும். முனையில் ஒரு சொட்டு வராது. தலைப்பகுதியில் உள்ள சின்ன பிஸ்டன் முன்னால் காற்று வந்து நின்றுவிட்டால், அழுத்தும்போது காற்று சுருங்கும், விட்டால் விரியும். கிரீஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கையால் அள்ளி அடைத்தால் நடுநடுவே காற்று தங்கும். தலையைக் கழற்றி, குழலின் திறந்த வாயை டப்பா கிரீஸுக்குள் நன்றாக அமுக்கிக்கொண்டு, பின்பக்கக் கம்பியை மெதுவாக இழுக்க வேண்டும். வாய் கொஞ்சம் வெளியே வந்தாலும் காற்றையும் சேர்த்து இழுத்துவிடும். கம்பியை முழுக்க இழுத்து மாட்டிவிட்டு, தலையைத் தளர்வாகப் பூட்டுங்கள். அப்புறம் கம்பியை விடுவித்தால் ஸ்பிரிங் தள்ளும். மரை வழியாக கிரீஸ் பிதுங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். சில கன்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டு. என்னுடையதில் இல்லை. அந்த ஒரு திருகை மிச்சம் பிடித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அடுத்தது நம்ம ஊர் வெயில். சித்திரையில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரியும். ஸ்பிரிங் அழுத்தத்தோடு வைத்தால் கசியும். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு என்றால் ஜாக்கிரதை, சிமெண்டுக் கல்லில் எண்ணெய் இறங்கினால் லேசில் போகாது. வேலை முடிந்ததும் கம்பியை இழுத்து மாட்டி, தட்டில் வையுங்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அருமையான கருவி. பிரேக் பெடலில் கிரீஸ் ஏற்றுவதற்கென்று இருக்கும் சின்ன முனையை, அதாவது நிப்பிளை, துணியால் துடைத்து, கன் முனையில் உள்ள கப்ளரை அதன்மேல் நேராக அமுக்கி லீவரை அழுத்துகிறேன். பெடல் ஓரத்தில் முதலில் கறுப்பாக வரும். அப்புறம் செம்மண் கலந்து நறநறவென்று வரும். கடைசியில் புது கிரீஸ் சுத்தமாகச் சுற்றிலும் வளையம் கட்டும். வெளியே தடவுகிற கிரீஸால் உள்ளே போன அந்த மண்ணை ஒருநாளும் எடுக்க முடியாது. அதைப் பார்க்கும்போது வருகிற திருப்திக்காகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியடியில் உட்காரலாம். பிரேக் ஷூவை விரிக்கும் பிரேக் கேமில் மட்டும் அளவாக அடியுங்கள். மிஞ்சினால் கிரீஸ் ஷூவில் ஏறி பிரேக் பிடிக்காது.

சரி, தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஒரே ஒரு வண்டிக்கு, அதிலும் இருக்கிற நாலைந்து நிப்பிளுக்கு, இந்த ஏர் தொல்லை தேவையில்லை. காரைக்குடிப் பக்கம் வரும்போது வண்டியை இங்கே கொண்டுவாருங்கள், நானே அடித்துத் தருகிறேன். நான் போடுவது லித்தியம் கிரீஸ், என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). முன்னால் எந்த ரகம் போட்டிருந்தது என்று விற்றவரிடம் கேட்டு வையுங்கள். நிறம் வெறும் சாயம், அதை வைத்து ரகத்தைச் சொல்ல முடியாது. சேராத ரகங்கள் கலந்தால் இளகி ஒழுகக்கூடும்.