பழைய இத்தாலிய சைக்கிளைக் கடையில் விடப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் யார் வீட்டிலாவது பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் கிடந்து, அதைக் கடையில் கொடுத்துப் புதுசு மாதிரி ஆக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 38,000 ரூபாய் போனது, ஐந்து மாதம் போனது, என் மாமா முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணாகப் பார்த்துக்கொண்ட சாமான்கள் போயின. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயர் போடாதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மாமா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். இத்தாலியிலிருந்து மெஷின் வந்தால் அதைப் பொருத்திக் காட்ட கூடவே ஆள் வருவார்கள். 80களின் நடுவில் அப்படி வந்தவர் அர்சின்யானோ என்ற ஊர்க்காரர். விச்சென்சாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊர், நமக்கு ஆம்பூர் மாதிரி, தோலுக்குப் பேர் போனது. மனிதர் தன் சைக்கிளையும் கையோடு கொண்டுவந்து, விடியற்காலையில் வாலாஜாவுக்கும் ஆற்காட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்து, ஊருக்குத் திரும்பும்போது மாமாவிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். பியாங்கி சைக்கிள். ஃப்ரேம் கொலம்பஸ் எஸ்எல் என்ற மெல்லிய இரும்புக் குழாய், மற்ற சாமான் எல்லாம் கம்பன்யோலோ கம்பெனியின் நுவோவோ ரெக்கார்ட். கம்பன்யோலோ இருப்பதும் அதே விச்சென்சாவில்தான். நிறம் பியாங்கிக்கே உரிய செலெஸ்தே. நீலம் என்றால் நீலம் இல்லை, பச்சை என்றால் பச்சை இல்லை, மழை விட்டதும் மேற்கே கொஞ்ச நேரம் தெரியுமே, கிட்டத்தட்ட அது.

அதில் எனக்கு மறக்க முடியாதது இரண்டு. ஒன்று, ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடுகிற பாகம். ரெக்கார்ட் ஹப்பின் நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங் கிளிப் இருக்கும், நகத்தால் நகர்த்தினால் உள்ளே எண்ணெய் விட ஒரு ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை மாமா தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, கிளிப்பை மூடி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு என் காதைப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். ஒரு சத்தமும் கேட்காது, அதுதான் கேட்க வேண்டியது என்பார். இன்னொன்று, பின்னால் கியர் மாற்றும் டிரேலியர். மேலே பேடன்ட்-80 என்று பொறித்திருக்கும். அதன் இரண்டு சின்ன உருளைகளில் கீழே இருந்தது ஒருமுறை உடைந்துபோக, தொழிற்சாலை லேத்தில் வெள்ளை நைலானில் ஒன்றைக் கடைந்து போட்டார். மேலே கறுப்பு, கீழே வெள்ளை. உலகத்தில் வேறு எந்த டிரேலியரிலும் அந்த வெள்ளை உருளை இருக்காது.

மாமா போன பிறகு அத்தை சைக்கிளை என்னிடம் கொடுத்தார். சாத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு வருஷம் இருந்தது. பெயின்ட் பல இடத்தில் உரிந்திருந்தது, ஃபோர்க்கின் கீழ்ப்பாதி குரோம் மட்டும் துடைத்தால் இன்னமும் முகம் தெரியும். டயர் டியூப்லர், அதாவது ரிம்மில் பசை போட்டு ஒட்டுகிற வகை, இரண்டுமே வெடித்துப் போயிருந்தன. சரி, ஒருமுறை நன்றாகச் செய்து ஓட்டலாம் என்று ஆசைப்பட்டேன். அப்போது ஒருத்தர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனேன். வெளிநாட்டு சைக்கிள்கள் வரிசையாகத் தொங்குகிற பெரிய கடை, நன்றாகப் பேசினார்கள். ஃப்ரேமைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது இன்னா சைக்கிள் தெரியுமா மேடம், தங்கம்" என்றார் கடைக்காரர். தங்கம் என்று தெரிந்தவர் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று நம்பினேன். பொங்கல் முடிந்த வாரம் முழுச் சைக்கிளையும் விட்டுவிட்டு, 20,000 அட்வான்ஸ் கொடுத்து, ஒரு துண்டுச்சீட்டில் தேதியும் தொகையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாமான் பட்டியல் எழுதி வாங்கவில்லை. படம் என்று பார்த்தால், என் பெண் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் சைக்கிள் பாதி மறைந்திருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் போனில். பிப்ரவரியில் "டியூப்லர் டயர் இங்க கிடைக்காது, வீலையே மாத்திடலாம்" என்றார், பழைய வீலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றேன், சரி என்றார். மார்ச்சில் இன்னொரு 10,000. அக்னி நட்சத்திரம் முழுக்க பவுடர் கோட்டிங் ஆள் வரவில்லை. ஜூனில் மீதி 8,000 கொடுத்துச் சைக்கிளை எடுத்தேன்.

பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நிறம் ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற பச்சை. செலெஸ்தேயிலேயே காலத்துக்கு ஒரு சாயல் உண்டு, பழைய பெயின்ட் ஒரு துண்டாவது வைத்துக் கலந்தால்தான் வரும். இவர்கள் இரும்பு கேட்டுக்குப் பூசுகிற பவுடர் அட்டையில் கிட்டத்தில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டார்கள். குரோம் மேலும் அதே பச்சை. பழைய பெயின்ட்டை எடுக்க, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே மணலை அதே அழுத்தத்தில் ஃப்ரேமுக்கும் அடித்திருக்கிறார்கள். எஸ்எல் குழாய் முனையில் 0.9 மி.மீ., நடுவில் வெறும் 0.6 மி.மீ. தடிமன்தான். அதை கெமிக்கல் போட்டு ஊறவைத்துத்தான் உரிக்க வேண்டும். தலைக்குழாயில் இருந்த கழுகுச் சின்னமும், கொலம்பஸின் புறா ஸ்டிக்கரும் போயே போய்விட்டன. டிரேலியர் வேறு. கேட்டால், "ஸ்பிரிங் போயிடுச்சு மேடம், புதுசு போட்டுக் குடுத்திருக்கோம், இதான் ஸ்மூத்". பழையது எங்கே? "பையன் காயலான் கடையில போட்டுட்டான்". வீல்? அதுவும் காயலான் கடை.

அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கடையில் நாலு பேர் இருந்தார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு கிரீன் சர்க்கிள் தாண்டி, பாலாற்றுப் பாலம் வழியாகக் காட்பாடி வரை போனேன். பாலத்திலேயே வலது காலை அழுத்தும்போதெல்லாம் கடக் கடக் என்று ஒரு சத்தம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன், பெடல் மாட்டியிருக்கிற கிராங்க் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. நல்லவேளை, பின்னால் பஸ் எதுவும் இல்லை. தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன்.

கஸ்பா பக்கம் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோனேன். கிராங்கைக் கழற்றிவிட்டு, பெடல் அச்சைத் தாங்குகிற வலது பக்கக் கப்பில் ஸ்பேனரை வைத்தார், ஸ்பேனர் சுற்றுவதற்கு முன்னால் கப்பே கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் எம்-சீல். அதைச் சுரண்டினால் உள்ளே ஒரு தகரப் பட்டை, பிஸ்கட் டின்னில் வெட்டிய மாதிரி. பாய் டார்ச்சை அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மரை இருக்க வேண்டிய இடத்தில் உளி பட்ட வெட்டுகள். "யாரும்மா இத இப்படிப் பண்ணது" என்று கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

என்ன நடந்திருக்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. நம் ஊர் சைக்கிள்கள், அப்புறம் இங்கே வருகிற பெரும்பாலான பழைய ரேஸ் சைக்கிள்கள் எல்லாம் இங்கிலீஷ் மரை. பெடல் அச்சு ஓடுகிற அந்தக் குழாய் 68 மி.மீ. அகலம், கப் சுமார் 34.8 மி.மீ. விட்டம், வலது பக்கக் கப் மட்டும் எதிர் மரை, கடிகார முள் சுற்றுகிற திசையில் திருப்பினால் கழலும். இது எந்த மெக்கானிக்குக்கும் கையோடு வந்த பழக்கம். இத்தாலிய சைக்கிளில் அப்படி இல்லை. 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. விட்டம், இரண்டு பக்கமும் நேர் மரை. கழற்றுகிறேன் என்று இவர்கள் இறுக்கியிருக்கிறார்கள். வரவில்லை என்று பைப் மாட்டி இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். கடைசியில் உளியும் சம்மட்டியும். கம்பன்யோலோ கப்பில் 36x24, அதாவது 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை என்று பொறித்தே இருக்கும், ஒரு நிமிஷம் துடைத்துப் பார்த்திருந்தால் போதும். மரை போன பிறகு கடையில் இருந்த இங்கிலீஷ் கப்பைப் போட்டால் சும்மா உள்ளே விழும், சுற்றிலும் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் தகரமும் எம்-சீலும். தெரியாமல் கெடுத்ததை நான் மன்னித்துவிடுவேன். கெட்டது தெரிந்து, அதை மறைத்து, அதன்மேல் ஒரு பெண் ஏறி ரோட்டில் போவாள் என்று தெரிந்தே பணம் வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இங்கிலீஷ் மரை போனால் வழி உண்டு, பெரிதாகக் கடைந்து இத்தாலிய மரை போட்டுவிடலாம். இத்தாலிய மரையே போனால் அதற்கு மேல் போட இன்னொரு அளவு இல்லை. மரை இல்லாமல் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிக்கிற ஒரு வகை வருகிறது, அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

பின்பக்கமும் தப்பவில்லை. அந்தக் காலத்து ஆறு கியர் ஃப்ரேமில் பின் வீல் உட்கார 126 மி.மீ. இடம். இவர்கள் போட்டது 135 மி.மீ. ஹப். கம்பி விட்டு நெம்பி விரித்திருக்கிறார்கள். பாய் நூல் கட்டிப் பார்த்தார், இடது பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது, அதனால்தான் வீல் நடுவில் நிற்கவில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன், பாயும் கூட வந்தார். "பழைய இரும்பு மேடம், அதுவா துருப்பிடிச்சு இருந்தது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார் கடைக்காரர். பாய் தகரப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு 5,000 திருப்பித் தருகிறேன் என்றார். வாங்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து பெங்களூரில் இருக்கும் தோழி ஒரு விற்பனைப் படத்தை அனுப்பினாள், உன் மாமா சைக்கிளுக்கு ஆகுமா பார் என்று. நுவோவோ ரெக்கார்ட் டிரேலியர், பேடன்ட்-80, விலை 11,000. மேலே கறுப்பு உருளை, கீழே வெள்ளை உருளை. கை நடுங்கிவிட்டது. விற்றவரிடம் கேட்டதும் விளம்பரத்தையே எடுத்துவிட்டார். அது என்னுடையது என்று எனக்குத் தெரியும், காட்டுவதற்கு என்னிடம் பழைய படம் இல்லை. கடையிலிருந்து அது எப்படி அங்கே போனது என்று நான் எதுவும் சொல்லவில்லை, காயலான் கடைக்குப் போனதாக அவர்கள் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், முழுச் சைக்கிளையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். பெயின்ட்டுக்கு என்றால் வெறும் ஃப்ரேமும் ஃபோர்க்கும் போனால் போதும், டிரேலியர், கிராங்க், ஹப், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் துணியில் சுற்றி வையுங்கள். கழற்றும்போது டிரேலியரில் உள்ள பேடன்ட் பொறிப்பு, கிராங்குக்குப் பின்னால் இருக்கும் குறி, ஹப் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள், கீறல், நெளிசல் உட்பட. கடைக்காரரிடம், வலது பக்கக் கப்பை எந்தத் திசையில் கழற்றுவீர்கள் என்று கேளுங்கள். "முதலில் என்ன மரை என்று பார்க்கணும்" என்று சொன்னால் பேச்சைத் தொடரலாம். மணல் அடிக்கிறேன், பவுடர் கோட்டிங் செய்கிறேன் என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாற்றிய ஒவ்வொரு பழைய சாமானும் திரும்ப வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். என்னிடம் முறையான பில் இல்லை. ஜிபேயில் பணம் போன விவரம், அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள், அந்தத் துண்டுச்சீட்டு, பாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அளவுகள், ஒரு கவரில் அந்தத் தகரப் பட்டை, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஃப்ரேம் இப்போது பாயின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது, பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டிருக்கிறார். வேலூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ யாராவது பேடன்ட்-80 நுவோவோ ரெக்கார்ட் டிரேலியர் வாங்கியிருந்து, அதில் கீழ் உருளை மட்டும் வெள்ளையாக, பக்கவாட்டில் லேத் உளியின் வட்டக் கோடுகளோடு இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.