வேலிக்கு அப்பால் எழும் பூங்கா: யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்

செந்தோசா தீவில் 2010-இல் தொடங்கிய இந்தக் கேளிக்கைப் பூங்கா, சிறிய பரப்புக்குள் ஒரு நாளை நிறைவாகக் கழிக்க ஏற்ற இடம் என்பதே என் மதிப்பீடு. 2019-இல் அறிவிக்கப்பட்ட, மாரியோ வீடியோ விளையாட்டு உலகைக் கண்முன் கொண்டுவரும் புதிய பகுதியான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டின் கட்டுமானத்தை ரசிகர்கள் உன்னிப்பாகக் கவனித்து, வேலிக்கு மேலே தெரியும் கிரேன்களையும் இரும்புச் சட்டங்களையும் படமெடுத்து, ஜப்பானின் ஒசாகாவிலுள்ள யுனிவர்சல் பூங்காவில் 2021-இல் திறக்கப்பட்ட இதே பெயர்ப் பகுதியோடு ஒப்பிட்டு, எந்தச் சுவர் எந்தச் சவாரிக்கானது என்று ஊகித்து வருகின்றனர். ஒசாகாவில் பச்சைக் குழாய் வடிவ நுழைவாயிலுக்குள் நடந்து வெளியேறும்போது கண்முன் அடுக்கடுக்காக விரியும் காட்சியே உயிர்நாடி. இங்கும் அது அமைய வேண்டுமென மனமார விரும்புகிறேன். இதே பூங்காவில் 2025 பிப்ரவரியில் திறந்த, மினியன் திரைப்படப் பாத்திரங்களை மையமாகக் கொண்ட மினியன் லேண்ட் அந்த நம்பிக்கையைத் தருகிறது. சவாரிப் பிரியர்கள் நின்டெண்டோ பகுதி திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கால்கள் அந்தரத்தில் தொங்கப் பாயும் நீல நிற ரோலர் கோஸ்டருக்காகவே இப்போதே செல்லலாம்.