பேர் மட்டும்தான் பழசு, 68,000 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மரம் இழைக்கிற மிஷின் விற்ற கடைக்காரர் நேற்று சாயங்காலம்தான் முழுசாகக் கைவிரித்தார். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோயமுத்தூர் கணபதி பக்கம் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு வார்ப்புக்கு ஃபவுண்டரிக்காரர்கள் கேட்கும் மர அச்சு செய்வதுதான் தொழில். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்று நூற்றுக்கு ஒன்று கூட்டி இழைக்கிற வேலை, அரை மில்லிமீட்டர் பிசகினால் அச்சு திரும்பி வந்துவிடும். அப்பா ஒரு மில்லை மூடியபோது ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு சர்ஃபேஸ் பிளானர், அதாவது மரத்தை மட்டமாக இழைக்கிற மிஷின், முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அதே பிராண்டில் புதிதாக வாங்கலாம் என்று மரவேலை மிஷின் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடை பேரும் வேண்டாம், பிராண்ட் பேரும் வேண்டாம்.

உட்கார வைத்து டீ சொன்னார். பழைய மிஷினின் பெயர்த் தகட்டை போனில் காட்டினேன். "உங்கப்பா வச்சிருந்த அதே கம்பெனிதானுங்க, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். புதிதிலும் அதே எழுத்து, அதே சின்னம். அப்பா ஞாபகத்தில் உருகிப் போய் 68,000 ரூபாயை எண்ணி வைத்தேன். பில் கேட்டால் எஸ்டிமேட் சீட்டை நீட்டினார், அதையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன் பாருங்கள்.

பட்டறையில் இறக்கி, மிஷினின் வார்ப்பு மேசை மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (மட்டம் பார்க்கிற நேர்சட்டம்) வைத்தால் அடியில் இடைவெளி அளக்கிற 0.8 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக நுழைகிறது, மேசையே கோணல். வார்ப்பை ஆறப்போடாமல் அவசரமாகக் கடைந்தால் பின்னால் கோணிக்கொள்ளும் என்பது ஊருக்கே அச்சு செய்து கொடுக்கிற எனக்குத் தெரியாதா? மோட்டார் தகட்டில் சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட், 5 ஆம்ப்ஸ், 2 எச்.பி. என்று இருக்கிறது. அப்படியென்றால் உள்ளே போவதே அதிகபட்சம் 1,150 வாட், 2 எச்.பி. என்றால் வெளியே வர வேண்டியது 1,492 வாட். கோயமுத்தூர்க்காரனிடமே மோட்டார் கதை!

கடைக்காரரிடம் போய்க் கேட்டால் முதலில் "மரம் ஈரமா இருக்குமுங்க" என்றார். அப்புறம் சென்னையிலிருந்து ஆள் வருவார் என்று மூன்று வாரம். நேற்று, "கம்பெனி கை மாறிடுச்சுங்க, இப்ப எங்கியோ செஞ்சு பேரை ஒட்டறாங்க, நாங்க என்ன பண்றதுங்க?" இது 68,000 ரூபாயை எண்ணும்போது ஞாபகம் வரவில்லையா?

கை மாறுவது இந்தத் தொழிலில் புதிதும் இல்லையாம், ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். நான் வாங்கியது அது இல்லை, ஆனாலும் டெல்டா என்கிற மரவேலை மிஷின் பிராண்டைப் பாருங்கள்: 1919-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தது, 1945-ல் ராக்வெல் கம்பெனி வாங்கியது, 1980-களில் பென்டேர், 2004-ல் பிளாக் அண்ட் டெக்கர், 2011-ல் தைவானின் சாங் டைப். வாங்கினவர் நன்றாகவும் செய்யலாம், ஆனால் தகட்டைப் பார்த்து அது தெரியாது.

சரி, சொன்னேனே. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் கடைக்கே கொண்டு போங்கள். இப்போது யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 என்கிற போன் நம்பர் இருக்கிறது, ஆனால் என் சீட்டில் கடை பேர்கூட இல்லை.

பழைய மிஷினை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தேன். இன்னும் உடைக்கவில்லையாம், வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.