காலை நடைக்கு ஒரு பைனாகுலர்: நிக்கான் மோனார்க் எம்5 8×42, சிட்னியில் ஓய்வுபெற்றவர்களுக்காக

வெண்ட்வொர்த்வில், துங்காபி, வெஸ்ட்மீட் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் பறவை ஒன்று உண்டு. மஞ்சள் அலகு, கண்ணை ஒட்டி மஞ்சள் தோல், சண்டைக்காரக் குரல். ‘நம்ம ஊர் மைனா’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பல நேரம் அது மைனாவே அல்ல. சாம்பல் உடலும் கறுத்த உச்சந்தலையும் இருந்தால் அது நாய்ஸி மைனர், இந்த மண்ணிலேயே பிறந்த, பூந்தேன் குடிக்கும் குடும்பத்துப் பறவை. பழுப்பு உடலும், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டும் தெரிந்தால்தான் நம் ஊர் மைனா, அதாவது நாகணவாய். 1860-களில் மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்டவற்றின் வாரிசு அது. இருபது மீட்டர் தள்ளி வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலரில் அந்த இருபது மீட்டர் இரண்டரை மீட்டர் ஆகிவிடும், சந்தேகமும் தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு பைனாகுலரை அறுபதைத் தாண்டியவர் வாங்குவதானால் நிக்கான் மோனார்க் எம்5 8×42 பற்றி அவசியம் யோசிக்கலாம். விலை சில நூறு டாலர். மலிவு ரகமும் இல்லை, ஆயிரங்களில் போகும் ஐரோப்பிய ரகமும் இல்லை. இதன் பலம் மூன்று இடங்களில் இருக்கிறது, குறை ஒரே இடத்தில். அந்தக் குறை சின்னதும் அல்ல.

முதலில் 8×42 என்ற எண்கள். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.3. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இளவயதில் இருட்டில் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக ஐந்துக்குள் நின்றுவிடும். அதனால் 8×56 போன்ற பெரிய ரகம் வாங்கினால் அதிகப்படி வெளிச்சம் கண்ணுக்குள் போகாது, கழுத்துக்குச் சுமைதான் மிச்சம். 5.3 என்பது சரியான அளவு. அதோடு, கண் கொஞ்சம் விலகினாலும் படம் இருளாது என்பது நடுங்கும் கைக்குப் பெரிய உதவி.

கடைக்காரர் 10×42 எடுங்கள் என்பார். வேண்டாம். பறவையைப் பெருக்குவது போலவே கைநடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும். மூச்சு வாங்க ஒரு மேட்டில் ஏறி நின்ற பிறகு 10-இல் தெரியும் நுணுக்கம் 8-இல் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும். 10–30 என்று ஜூம் போட்டு மலிவாக விற்கும் ரகங்கள் பக்கமே போக வேண்டாம்: பெருக்கம் கூடக்கூடப் படம் இருண்டு, பார்வை வட்டம் சுருங்கி, இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைக் காட்டாமல் விலகிக்கொள்ளும், தலைவலி நிச்சயம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த மாடலைச் சிபாரிசு செய்ய முதல் காரணம் 19.5 என்ற எண். பின் கண்ணாடியிலிருந்து 19.5 மில்லிமீட்டர் தள்ளிக் கண் இருந்தாலும் முழு வட்டமும் தெரியும். மூக்குக்கண்ணாடி தானே கண்ணிலிருந்து 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 15 மில்லிமீட்டர் தரும் பைனாகுலரில் அதன் பிறகு மிச்சம் ஒன்றும் இல்லை. குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். இதில் ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு அப்படியே ஒட்டிப் பார்க்கலாம். ஓரங்களில் கறுப்புப் பிறை வந்து வந்து போனால் கண் ரொம்பக் கிட்டே இருக்கிறது, வளையத்தை ஒரு ‘கிளிக்’ வெளியே திருகுங்கள். வட்டம் சின்னதாகத் தெரிந்தால் கண் தூரத்தில் இருக்கிறது, உள்ளே திருகுங்கள். புரோகிரசிவ் கண்ணாடிக்காரர்கள் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி லென்ஸின் மேல்பாதி வழியாகப் பார்க்கவேண்டும். கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அதன் வழியே பார்த்துவிட்டு ‘ஃபோகஸ் ஆகவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம், சக்கரம் ஈடுசெய்யும். சிலிண்டர் பவர் கூடுதலாக உள்ளவர்கள் கழற்றக்கூடாது. அதைச் சக்கரத்தால் சரிசெய்ய முடியாது.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள்: கண்ணிடைத் தூரம் 56 முதல் 72 மில்லிமீட்டர். முகம் ஒடுங்கிய பெண்கள் சிலருக்குக் கண்ணிடைத் தூரம் 56-க்கும் கீழே இருக்கும். அவர்களுக்கு எவ்வளவு மடக்கினாலும் இரண்டு வட்டங்கள் தனித்தனியாகவே நிற்கும். கண்ணாடிக் கடையில் கேட்டால் உங்கள் அளவைச் சொல்வார்கள். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் எல்லோரும் தவறவிடுவது வலது கண் பக்கமுள்ள டையாப்டர் வளையம், இரு கண்களின் பவர் வித்தியாசத்தைச் சரிசெய்வது. இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருப்பதில்லை, கண்புரை அறுவை செய்தவர்களுக்கு இன்னும் வித்தியாசப்படும். முதலில் இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாக்குங்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது குழாயின் முன்பக்கத்தை மூடியால் மூடி, இரண்டு கண்ணும் திறந்தபடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது குழாயை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த நிலையில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பையில் போட்டு எடுக்கும்போது வளையம் நகர்ந்திருக்கும், பேரப்பிள்ளைகள் கை வைத்தால் நிச்சயம் நகர்ந்திருக்கும். புள்ளி இருந்தால் இரண்டு விநாடியில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். ‘கொஞ்ச நாளாகவே மங்கலாகத் தெரிகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

குறைக்கு வருவோம். பார்வை வட்டம் 6.4 பாகை, அதாவது ஆயிரம் மீட்டரில் 112 மீட்டர் அகலம். இதன் அண்ணன் எம்7 8×42-இல் 145 மீட்டர். தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, கிட்டத்தில்தான் தெரியும். லொமாண்ட்ரா புல் புதருக்குள் சூப்பர்ப் ஃபேரிரென் ஒன்று தத்தித் தத்திப் போகிறது என்று வையுங்கள். ஆண்பறவையின் தலை மின்சார நீலம், வால் செங்குத்தாக நிமிர்ந்திருக்கும், உடல் நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஐந்து மீட்டரில் எம்5 காட்டும் அகலம் 56 சென்டிமீட்டர். பறவை ஒரு தத்தலில் அதைத் தாண்டிவிடும்; நீங்கள் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எம்7-இல் 72 சென்டிமீட்டர், தப்பிப்பது கொஞ்சம் குறையும். ஆனால் எம்7-இல் கண்ணுக்கான இடைவெளி 17.1 மில்லிமீட்டர், எடையும் 670 கிராம். ஆகவே மூக்குக்கண்ணாடி போடாதவர்கள், அதிலும் புதர்ப் பறவைகளை விரும்புகிறவர்கள், கூடுதல் பணம் கொடுத்து எம்7 வாங்குவது நல்லது. கண்ணாடிக்காரர்களுக்கு எம்5-தான்.

குறுகிய வட்டத்துக்குப் பழக்கமே மருந்து. பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போன இடம் தெரியாது. வீட்டு வேலியில் ஒரு கிளிப்பை மாட்டி, பத்துப் பதினைந்து முறை அதைப் பிடித்துப் பழகினால் போதும்.

எடை 630 கிராம். கடையில் கையில் எடுத்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். ஒரு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வேறு கதை. பெட்டியில் வரும் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, முதுகில் குறுக்காகப் போய் இரண்டு தோளிலும் சுமை இறங்கும் ஹார்னஸ் தனியாக வாங்கி மாட்டுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். தோள் இறுக்கம் இருப்பவர்களுக்கு 630 கிராமை உயர்த்திப் பிடிப்பதே சிரமம் என்றால் எம்7 8×30 பாருங்கள். 150 கிராமுக்கு மேல் குறைவு. ஆனால் மர நிழலில் வெளிச்சமும், கண்ணாடிக்கான இடைவெளியும் குறைந்துபோகும்.

வெளிச்சத்தில் எம்5 ஏமாற்றவில்லை. பரமட்டா ஏரிச் சுற்றுப்பாதையில் யூகலிப்டஸ் நிழலில் டானி ஃபிராக்மவுத் என்ற இரவுப் பறவையைத் தேடிப் பார்த்தால் புரியும். பகல் முழுக்க ஒடிந்த கிளை மாதிரி அலகை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிளை பிரியும் கவட்டையில் மரப்பட்டையின் கோடு திடீரென்று இறகாக மாறும் இடம் இருக்கிறதே, அந்த விளிம்பை இந்த லென்ஸ் பிரித்துக் காட்டுகிறது. வெயிலுக்கு எதிரே பறக்கும் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவின் ஓரத்தில் லேசான ஊதா விளிம்பு தெரியலாம். பறவையை அடையாளம் காண அது தடையில்லை.

நீர்நிலைகளுக்கும் இது போதும், ஒரு எல்லை வரை. சிட்னி ஒலிம்பிக் பார்க்கின் பாடு அலையாத்திக் காட்டுப் பலகைப்பாதையும் அதையடுத்த நீர்ப்பறவை ஏரியும் நடக்கச் சமதளம். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறி கான்கார்ட் வெஸ்டில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். மூத்தோருக்கான தங்க ஓப்பல் அட்டையில் நாள் முழுக்கப் பயணத்துக்கு 2.50 டாலர். அங்கே நெடுங்கால் உள்ளானும் கருப்பு அன்னமும் எம்5-இல் தெளிவு. செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வாக்கில் கிளம்பும் பட்டைவால் மூக்கனும் தெரியும். 2022-இல் இந்த இனத்தின் ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் இடையில் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. அந்த இனத்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது பெரிய பாக்கியம். ஆனால் ஏரியின் எதிர்க்கரையில் நிற்கும் பறவையின் காலில் உள்ள அடையாள வளையத்தைப் படிக்க 8 மடங்கு பற்றாது, அதற்கு ஸ்கோப்பும் முக்காலியும் வேண்டும். எம்5-இன் நடுக்கீலின் முன்பக்க மூடியைக் கழற்றினால் முக்காலிக்கான திருகுத் துளை இருக்கிறது. இணைப்பான் தனியாக வாங்கவேண்டும். ஒற்றைக்கால் தாங்கியில் பொருத்தினால் கைநடுக்கம் அதிகமுள்ளவர்களுக்கும் படம் அசையாமல் நிற்கும். அது இல்லாதபோது பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள்.

சிட்னியில் பைனாகுலரைக் கெடுப்பது மழை அல்ல. எம்5-க்குள் நைட்ரஜன் அடைத்திருக்கிறது, ஒரு மீட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் தாங்கும். உள்ளே பனி படியாது. குளிர்காலக் காலையில் வெளிக் கண்ணாடியில் மூச்சு படிந்தால் தானாகப் போய்விடும். கெடுப்பவை சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும். முகத்தில் பூசிய சன்ஸ்கிரீன் ரப்பர் வளையத்தில் ஒட்டி, விரல் வழியாக லென்ஸுக்கு வந்து எண்ணெய்ப் படலமாகிவிடும், படம் மங்கும். டீட் கலந்த கொசு மருந்து ஆபத்தானது, ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். பிகாரிடின் கலந்தது வாங்குங்கள், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. எதைப் பூசினாலும் உள்ளங்கையைக் கழுவிவிட்டுத்தான் பைனாகுலரைத் தொடவேண்டும்.

சேலைத் தலைப்பாலும் வேட்டி நுனியாலும் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லென்ஸில் உள்ள ஒரு மணல் துகள் துடைக்கும்போது மேற்பூச்சில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு போகாது. முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டிவிட்டு, கடைசியில் லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைக்கவேண்டும். கடற்கரைக்குப் போய்வந்தால் உடலில் படிந்த உப்பை ஈரத்துணியால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஜனவரி வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். சக்கரத்தின் கிரீஸ் இளகி இடம் மாறும். கதிரவனை இதன் வழியே பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

நடந்துகொண்டே பார்க்கவும் கூடாது. நின்றபின் பார்ப்பது, பார்த்தபின் நடப்பது. இந்த வயதில் வேரில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. கோடையில் பாதையோரம் சிவப்பு வயிற்றுக் கருநாகமும் படுத்திருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டருகே மேக்பை தலைக்கு மேல் பாய்ந்து வரும். அந்தக் கூட்டை பைனாகுலரில் பார்க்க ஆசைப்பட்டு அடியில் நிற்காமல், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேறு தெருவால் போங்கள்.

வாங்க நல்ல சமயம் ஜூன் கடைசியில் வரும் நிதியாண்டு முடிவு விற்பனை, அல்லது நவம்பர் கடைசித் தள்ளுபடி. நவம்பரில் வாங்குகிறவர்கள் அக்டோபரில் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா நடத்தும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பைத் தவறவிடுவார்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் போதும் என்பதால் அது ஓய்வுபெற்றவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அதனால் ஜூனையே தேர்ந்தெடுக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் நியூகினியா பக்கமிருந்து குயில் வந்து விடியும் முன்பே கூவத் தொடங்கும்போதும் கையில் தயாராக இருக்கும். நம் குயிலின் நெருங்கிய உறவுதான் அது. இலைக்குள் ஒளிந்திருக்கும் அதன் சிவந்த கண்ணைப் பார்க்க எட்டு மடங்கு தேவை.

இணையத்தில் விலை குறைந்தாலும் ஒருமுறை கடைக்குப் போய் உங்கள் மூக்குக்கண்ணாடியோடு பாருங்கள். கடைக்குள் விளக்கொளியில் எல்லா பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியின் நிழலில் உள்ள ஒரு மரத்தைப் பாருங்கள். பெரிய பழுது இருந்தால் பணத்தையோ மாற்றுப் பொருளையோ கேட்க ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உரிமை தருகிறது. மனம் மாறினால் அந்த உரிமை கிடையாது. ஊரிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.