டச் கிட்டார்: ஆயத்தமாக வாங்குவதா, சொல்லிச் செய்வதா?

தந்தியை மீட்டாமல், இரண்டு கை விரல்களாலும் ஃப்ரெட்டை (நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) ஒட்டித் தட்டியே வாசிக்கிற வாத்தியம்தான் டச் (touch) கிட்டார். ஒரு கை பேஸைப் பார்த்துக்கொள்ளும், இன்னொரு கை மெலடியைப் பார்த்துக்கொள்ளும். இதில் மனதைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். பல வருடங்களாக ஒரே வடிவில் செய்யப்பட்டுவரும் வாத்தியத்தை வாங்குவதா, அல்லது ஒரு கிட்டார் கைவினைஞரிடம் உட்கார்ந்து பேசி, நம் கைக்கு ஏற்றபடி செய்யச் சொல்வதா?

நான் எட்டு வருடம் சாப்மன் ஸ்டிக் என்ற ஆயத்த டச் கிட்டாரை வாசித்துவிட்டு, பிறகு 10 தந்தி வாத்தியம் ஒன்றைச் சொல்லிச் செய்துகொண்டவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாத்தியத்தைச் சொல்லிச் செய்யாதீர்கள். இரண்டாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். செய்யும்போது மரத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது ஃப்ரெட்டுக்குக் காட்டுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

ஆயத்த வழியில் முதலில் நிற்பது ஸ்டிக். எம்மெட் சாப்மன் 1969-இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு கைகளும் நெக்கின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும், விரல்கள் ஃப்ரெட்டுகளுக்கு இணையாக விழும். அதற்கு முன்பே ஜிம்மி வெப்ஸ்டர் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் தட்டி வாசித்திருக்கிறார். டேவ் பங்கர் இரண்டு நெக் வைத்து ஒரு டச் கிட்டாரே செய்திருக்கிறார். ஆனால் வாத்தியத்தின் வடிவத்தையே இந்த முறைக்காக மாற்றியவர் சாப்மன். 1974-இல் ஸ்டிக் விற்பனைக்கு வந்தது. கிட்டார் உடம்பு கிடையாது, ஒரு பட்டைக் கட்டை மட்டும்தான். இடுப்புப் பெல்ட்டில் ஒரு கொக்கி, தோளில் ஒரு வார், அவ்வளவுதான். வாத்தியம் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். மணிக்கட்டு இரண்டுமே மடங்காமல் இருப்பதற்கு அந்த நிலைதான் காரணம்.

கிட்டார் உடம்பு வேண்டும் என்பவர்களுக்கு வார் கிட்டார் இருக்கிறது. கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவில் டோனி லெவின் ஸ்டிக் வாசித்தார், ட்ரே கன் வார் வாசித்தார். இரண்டும் எவ்வளவு வேறுபட்ட ஒலி என்பதை ஒரே குழுவின் பதிவுகளிலேயே கேட்கலாம். நெட் ஸ்டைன்பெர்கருடன் சேர்ந்து சாப்மன் வடிவமைத்த 8 தந்தி என்எஸ் ஸ்டிக்கைத் தட்டவும் செய்யலாம், மீட்டவும் செய்யலாம். ஜெர்மனியின் மார்கஸ் ராய்ட்டர் வடிவமைத்த 8 தந்தி டச் கிட்டாரும் இந்த ஆயத்த வகையில் சேரும்.

ஆயத்தமாக வாங்குவது, சொல்லிச் செய்வது தவிர மூன்றாவது ஒரு வழியும் உண்டு. பலர் அதை மதிப்பதில்லை. ஸ்டான்லி ஜோர்டன் சாதாரண 6 தந்தி கிட்டாரை முழுக்க நான்காம் இடைவெளியில் (அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்து அரைச்சுரம்), ஈ ஏ டி ஜி சி எஃப் என்று சுருதி சேர்த்து, தட்டியே வாசிக்கிறார். உங்கள் பழைய எலக்ட்ரிக் கிட்டாரில் மெல்லிய தந்தி போட்டு, தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலான உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை முடிந்தவரை இறக்கி, நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றிவிட்டால் இன்றே தொடங்கலாம். அந்தத் துணி எதற்கு என்றால், தட்டும்போது ஃப்ரெட்டின் இரண்டு பக்கமும் தந்தி அதிரும். தந்தியின் மறுமுனையான பிரிட்ஜ் பக்கம் வருவது நமக்கு வேண்டிய சுரம். நட் பக்கம் வருவது வேண்டாத முணுமுணுப்பு. துணி அதை விழுங்கிவிடும். ஆறு மாதம் இப்படி வாசித்த ஒருவர், எந்த வாத்தியம் வேண்டும் என்று பேசும்போது தெளிவாகப் பேசுவார். இது என் அனுபவம்.

சரி, உண்மையான வேறுபாடுகளுக்கு வருவோம். முதலில் தந்தி வரிசை.

ஸ்டிக்கின் 10 தந்தி கிளாசிக் சுருதியில் கனமான தந்திகள் நடுவில் இருக்கும். மெலடிப் பக்கம் வெளியோரத்திலிருந்து டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப் என்று நான்காம் இடைவெளியில் உள்நோக்கி இறங்கும். பேஸ் பக்கம் நடுவிலிருந்து சி, ஜி, டி, ஏ, ஈ என்று ஐந்தாம் இடைவெளியில் (ஏழு அரைச்சுரம்) வெளியே ஏறும். முதலில் பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். வாசித்துப் பார்த்தால் புரியும்: இரண்டு கைகளும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே வேலையைச் செய்கின்றன. பேஸில் ஐந்தாம் இடைவெளி இருப்பதால் விரல்களை அதிகம் விரிக்காமலே அகலமான கார்டு கிடைக்கிறது. இந்த வரிசைக்குப் பாடங்கள் இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. ஆயத்த வாத்தியத்தோடு இந்தப் பொதுமொழியும் சேர்ந்து வருகிறது.

கைவினைஞரிடம் போனால் எந்த வரிசையும் சாத்தியம். பேஸ் கிட்டாரிலிருந்து வருபவர் கனமான தந்தியில் தொடங்கி மெல்லியதில் முடியும் நேர் வரிசையைத்தான் கேட்பார். அதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவு மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். உதாரணமாக விசிறிபோல விரியும் சாய்ந்த ஃப்ரெட்டுகள். பேஸ் ஓரம் நீளம் அதிகம், மெலடி ஓரம் குறைவு. நேர் வரிசைக்கு இது அழகாகப் பொருந்தும். நடுவில் கனத் தந்தி இருக்கும் வரிசையில் பொருந்தாது. அதிக நீளம் தேவைப்படும் கீழ் சி நடுவில் சராசரி நீளத்தோடு நிற்கும். அவ்வளவு நீளம் தேவைப்படாத பேஸ் ஈ ஓரத்தில் முழு நீளத்தையும் வாங்கிக்கொள்ளும். படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது என்று இதைக் கேட்டு வாங்கிவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தந்தி நீளம். ஸ்டிக்குகள் 34 அல்லது 36 அங்குல நீளம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் 25.5. ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 34-இலிருந்து 36-க்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. பேஸுக்கு இது வரம். மெல்லிய தந்தியே போதும், ஒலியும் கலங்காது. மெலடிக்கு அப்படியில்லை. 34 அங்குலத்தில் மேல் டி கட்டுவது, அதே தந்தியைச் சாதாரண கிட்டாரில் ஜி வரை முறுக்குவதற்குச் சமம். கிட்டாரின் மேல் ஈ தந்தியைவிட மூன்று அரைச்சுரம் அதிகம். தாங்கும், ஆனால் அதற்கு மேல் ஆசைப்பட்டால் அறுந்துகொண்டே இருக்கும்.

கைக்கும் இது முக்கியம். 34 அங்குலத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டர், 25.5-இல் 36.4 தான். சின்னக் கை உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், தட்டி வாசிக்கும்போது நெக்கைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் கை நினைத்ததைவிடத் தூரம் போகும். இருந்தாலும் 30 அல்லது 32 அங்குலம்தான் என் கைக்கு வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கைவினைஞர்தான் கதி. சொல்லிச் செய்வதற்கு நான் ஒப்புக்கொள்ளும் மிக நல்ல காரணம் இதுதான்.

தந்தி இடைவெளியும் அப்படியே. 10 தந்திக்கு ஒன்பது இடைவெளி. 8 மில்லிமீட்டர் என்றால் 72. 9 என்றால் 81. ஓரங்களையும் சேர்த்தால் நெக்கின் அகலம் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். இந்த எண்ணை யாரும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. நான் ஒரு பலகையில் தாளை ஒட்டி, ஒரு பக்கம் 7.5, இன்னொரு பக்கம் 8.5 இடைவெளியில் பென்சிலால் கோடு போட்டு, மூன்று வாரம் அதன் மேல் தட்டினேன். 7.5-இல் மோதிர விரலின் நுனி ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கோட்டைத் தொட்டது. 8.5-இல் சுண்டு விரல் தவித்தது. 8 என்ற முடிவு அந்தத் தாளிலிருந்து வந்தது, இன்றுவரை அது தவறவில்லை.

இனி ஃப்ரெட். மனம் விட்டுப் பேச வேண்டிய இடம் இது.

மீட்டும்போது தந்தி அகலமாக ஆடும், அதற்கு இடம் விட ஆக்‌ஷனை உயர்த்துகிறோம். தட்டும்போது ஆட்டம் சிறியது. ஒலிக்கான மொத்த சக்தியும் விரல் தந்தியை ஃப்ரெட்டில் மோதும் வேகத்திலிருந்தே வரவேண்டும். தந்தி உயரமாக இருந்தால் விரல் களைக்கும். தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறும். அதனால் டச் கிட்டாரில் ஆக்‌ஷன் மிகத் தாழ்வாக இருக்க வேண்டும். அவ்வளவு தாழ்த்தினால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரே ஒரு ஃப்ரெட்கூட முந்தைய சுரத்தைக் கொன்றுவிடும். வீணையில் மெழுகை இளக்கி மெட்டைச் சரிசெய்யலாம்; கிட்டாரில் உலோகத்தை அராவித்தான் ஆகவேண்டும்.

ஸ்டிக் செய்பவர்களுக்கு இது அன்றாட வேலை. அங்கிருந்து வந்த என் வாத்தியத்தில் நான் எதையும் தொடவேண்டி வரவில்லை. என் இரண்டாவது வாத்தியத்தைச் செய்தவர் (பெயர் வேண்டாம், அருமையான கிட்டார்களைச் செய்பவர்) அதற்கு முன் டச் கிட்டார் செய்ததில்லை. மரவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஃப்ரெட்போர்டில் வழக்கமான கிட்டார் வளைவை வைத்திருந்தார், ஆக்‌ஷனையும் கிட்டாருக்கு வைக்கும் உயரத்தில் வைத்திருந்தார். இறக்கினோம். 14-ஆம் ஃப்ரெட்டில் மூன்று தந்திகள் ஊமையாகிவிட்டன. வரைபடத்தில் 'தட்டையான ஃப்ரெட்போர்டு' என்றும், 12-ஆம் ஃப்ரெட்டில் எவ்வளவு உயரம் என்றும் எழுதித் தராதது என் தவறு. அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்மனே கடின மரம், பாலிகார்பனேட், மூங்கில் என்று பலவற்றில் செய்திருக்கிறார். எல்லாமே ஸ்டிக்காகத்தான் ஒலிக்கின்றன. அகலமான நெக் வளையாமல், முறுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல பட்டைகளை ஒட்டிச் செய்த நெக், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடு இரண்டு, முடிந்தால் கார்பன் ஃபைபர் கம்பிகள். இவற்றைக் கேளுங்கள். எந்தக் காட்டு மரம் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

தந்தியின் அதிர்வை மின் ஒலியாக மாற்றும் பிக்கப்பில் ஒரே விஷயம்: பேஸுக்கும் மெலடிக்கும் தனித்தனி வெளியீடு வேண்டும். இரண்டும் ஒரே கம்பியில் வந்தால் பேஸுக்குப் போடும் கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) மெலடியையும் நசுக்கும். நடுவில் இருக்கும் இரண்டு தந்திகளின் ஒலி எதிர்ப்பக்கத்துக்குக் கசிகிறதா என்பதை வாத்தியத்தைக் கையில் வாங்கும் முன்பே கேட்டுப் பாருங்கள். பிரிட்ஜின் அதிர்வை எடுக்கும் பீசோ வகைப் பிக்கப் வேண்டாம் என்பேன். சுரத்தைவிட விரல் மோதும் சத்தத்தைத்தான் அது விரும்பி எடுக்கும்.

வாங்கிய பிறகு வரும் விஷயங்களில் ஆயத்த வாத்தியம் தெளிவாக முன்னே நிற்கிறது. தந்தி செட்டாகக் கிடைக்கும். விற்க வேண்டி வந்தால் அது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். சொல்லிச் செய்ததற்கு ஒவ்வொரு தந்தியின் தடிமனையும் நீங்களே எழுதி வைத்துத் தனித்தனியாக வாங்க வேண்டும். விற்பது கடினம், ஏனென்றால் அது உங்கள் கைக்கு மட்டுமே செய்யப்பட்டது. காத்திருப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்டிக்கும் ஆர்டர் கொடுத்தால்தான் செய்யப்படும்.

இருந்தும் இன்று நான் தினமும் எடுப்பது சொல்லிச் செய்ததைத்தான். இரண்டாம் முறை அந்தக் கைவினைஞரிடம் போனபோது என் ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு மணி நேரம் அதை அளந்தார், தட்டினார், ஒன்றும் பேசவில்லை. பிறகு என் வாத்தியத்தின் ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கினார். போர்டைத் தட்டையாக இழைத்துப் புது ஃப்ரெட் அடித்தார். ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, நெக்கைத் தந்தி இழுவிசையில் இருப்பதுபோல வளைத்துப் பிடித்து, நீளமான அராவும் கட்டையை ஓட்டினார். 14-ஐ அடுத்த 15-இல் மட்டும் மை முதலில் அழிந்தது, பளபளவென்று ஒரு சின்னக் கோடு. அங்கே இன்னும் நான்கைந்து தடவை ஓட்டினார். தந்தியை மாட்டி, சுருதி சேர்த்து, என்னிடம் நீட்டாமல் தானே ஒரு விரலால் 14-இல் தட்டினார். மூன்று தந்திகளும் பேசின.